மேற்குப் பசிபிக்கில் அமெரிக்கப் படை: கூடி நிற்பதா, சிதறி நிற்பதா, தள்ளி நிற்பதா?

தைவான் விஷயமாக எதை எழுதினாலும் வாசகர்கள் கடைசியில் ஒரே முட்டுச்சந்தில் வந்து நிற்கிறார்கள். ஒகினாவாவில் இத்தனை விமானங்களைக் கொண்டுபோய் சீன ஏவுகணைகளுக்கு நேரெதிரே நிறுத்தி வைப்பது என்ன புத்தி என்று ஒருவர் கேட்கிறார். பிலிப்பைன்ஸில் சின்னச் சின்ன இடமாகப் பிடித்துக்கொண்டே போகிறார்களே, நாளைக்கு மணிலாவில் ஆட்சி மாறினால் மூட்டை கட்ட வேண்டியதுதானே என்று இன்னொருவர். 2025 ஜூனில் பி-2 குண்டுவீச்சு விமானங்கள் அமெரிக்காவின் மிசௌரியிலிருந்து கிளம்பி ஈரானில் குண்டு போட்டுவிட்டு சுமார் 37 மணி நேரத்தில் வீடு திரும்பியதைப் பார்த்தவர்களோ, இனி ஆசியாவில் தளமே எதற்கு என்கிறார்கள். மூன்று பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, குழப்பமே அதனால்தான்.

அமெரிக்கா அங்கே இருக்கவே வேண்டுமா, அதற்கு என்ன உரிமை என்பது தனி வழக்கு. இன்றைக்கு அதை எடுக்கவில்லை. தைவானை சீனா பலவந்தமாக எடுத்துக்கொள்ளாமல் தடுப்பதுதான் வாஷிங்டனின் நோக்கம் என்று வைத்துக்கொண்டு, அதற்குப் படையை எப்படி நிறுத்துவது என்று மட்டும் பார்க்கலாம்.

வழிகள் மூன்று. இப்போதிருக்கும் பெரிய தளங்களிலேயே கூடி நிற்பது ஒன்று: ஒகினாவாவின் கடேனா, டோக்கியோ பக்கத்து யோகோசுகா, பசிபிக்கில் அமெரிக்காவின் தீவான குவாம். ஏராளமான சிறு இடங்களாகச் சிதறி நிற்பது இரண்டாவது. விமானப்படையும், கடல்வழியாக வந்து இறங்கிச் சண்டை போடும் மரைன்களும் சில ஆண்டுகளாகப் பேசுவது இதைத்தான். முன்வரிசையைப் பெரும்பாலும் காலி செய்துவிட்டு, தூரத்துக் குண்டுவீச்சு விமானங்களையும் நீர்மூழ்கிகளையும் நம்புவது மூன்றாவது. நிஜத்தில் மூன்றும் கலந்துதான் நடக்கும், நடக்கிறது. ஆனாலும் பணம், ஆள், கப்பல் எல்லாம் அளவாகத்தான் இருக்கின்றன, அடுத்த டாலர் எதற்குப் போகிறது என்ற இடத்தில் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அடியைத் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி. 1941 டிசம்பர் 8 அன்று, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் கழித்தும், மணிலாவுக்கு வடக்கே கிளார்க் ஃபீல்டில் பி-17 விமானங்கள் தரையிலேயே நின்றுகொண்டிருந்தன. ஜப்பானியர் வந்து அடித்ததில், அங்கே அமெரிக்கத் தளபதியாக இருந்த மெக்கார்தரின் விமானப்படையில் பாதியளவு அன்றைக்கே ஒழிந்தது. தரையில் நிற்கும் விமானத்தைப் போல வசதியான இலக்கு அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது.

அடுத்தது சம்மதம். ஜப்பானிலிருந்து நேரடியாகப் போர் நடவடிக்கைக்குக் கிளம்ப வேண்டுமானால் டோக்கியோவோடு முன்கூட்டியே ஆலோசிக்க வேண்டும் என்று 1960 உடன்படிக்கையோடு பரிமாறிய குறிப்பிலேயே இருக்கிறது. பிலிப்பைன்ஸின் 1987 அரசியல் சட்டம், செனட் ஏற்ற ஒப்பந்தம் இல்லாமல் அந்நியத் தளத்தையே அனுமதிப்பதில்லை. சமாதான காலத்தில் கூட்டுப் பயிற்சிக்கு வரச் சொல்வது சுலபம். நம் ஊரிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு நம் ஊர்மேல் ஏவுகணை விழும் என்று தெரிந்த பிறகும் சரி என்று தலையாட்டுவது வேறு சங்கதி.

மூன்றாவது, சரக்கு. எரிபொருள், ஏவுகணை, உதிரிபாகம், சாப்பாடு. யாரும் பெரிதாகப் பேசாத இந்த இடத்தில்தான் திட்டங்கள் கவிழ்கின்றன. ஹவாயில் ரெட் ஹில் என்ற மலைக்குள் குடைந்து கட்டிய எரிபொருள் கிடங்கு, 25 கோடி கேலன் கொள்ளக்கூடியது. 2021 நவம்பரில் அங்கே கசிந்த எரிபொருள் ராணுவக் குடும்பங்களின் குடிநீரில் கலந்து, ஊரே கொதித்து, 2022 மார்ச்சில் கிடங்கையே மூடுவது என்று முடிவானது. சீனா ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. பசிபிக்கின் மிகப்பெரிய எரிபொருள் கையிருப்பு இல்லாமல் போயிற்று.

அப்புறம் தூரமும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை பறந்துவந்து அடிக்க முடியும் என்பதும். பெய்ஜிங்குக்கும் நட்பு நாடுகளுக்கும் இந்த நிலை என்ன சேதி சொல்கிறது என்பது ஐந்தாவது. செலவு கடைசி. இதில் முதல் இரண்டுக்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். அடிவாங்கி மிஞ்சாத படைக்கும், வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்துவிட்ட படைக்கும், மற்ற நான்கில் நூற்றுக்கு நூறு வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

## கூடி நிற்பது

கடேனாவிலிருந்து தைபே சுமார் 650 கி.மீ. ஒரு போர் விமானம் போய்ச் சண்டை போட்டுவிட்டுத் திரும்ப முடிகிற தூரம். ஏறத்தாழ 3,700 மீட்டர் நீளத்தில் இரண்டு ஓடுபாதைகள், பழுதுபார்க்கும் பட்டறைகள், குண்டுக் கிடங்கு, மருத்துவ மையம், குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று அது ஒரு முழு ஊர். அதே விமானத்தைக் குவாமிலிருந்து அனுப்பினால் 2,700 கி.மீ. போக வேண்டும், வழியில் எரிபொருள் விமானம் காத்திருக்க வேண்டும், ஒரு விமானி ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் போவது சிரமம். பெரிய தளத்தின் பலமே இதுதான். பக்கத்தில் இருக்கிறது, எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது.

சேதியைப் பொறுத்தும் இதற்கு ஈடு இல்லை. ஜப்பானில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் துருப்புகள் இருக்கிறார்கள், பலர் மனைவி பிள்ளைகளோடு. அவர்கள்மேல் கை வைத்தால் அமெரிக்காவோடும் ஜப்பானோடும் ஒரே நாளில் போர் என்பது பெய்ஜிங்குக்குத் தெரியும். இதை எந்த உடன்படிக்கை வாசகத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

ஆனால் அந்த ஒரே நாளில் என்ன நடக்கும்? ஸ்டிம்சன் மையம் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2024 டிசம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. சீன ஏவுகணைகள் ஓடுபாதைகளைத் தொடர்ந்து குழிபறித்தால் ஜப்பானில் உள்ள தளங்களிலிருந்து அமெரிக்கப் போர் விமானங்கள் முதல் 12 நாள் வாக்கில் கிளம்பவே முடியாமல் போகலாம், நீளமான ஓடுபாதை தேவைப்படும் எரிபொருள் விமானங்கள் ஒரு மாதத்துக்கு மேலேயும் முடங்கலாம் என்றது. அதற்கு முன்பே, 2023 ஜனவரியில், சி.எஸ்.ஐ.எஸ். என்ற வாஷிங்டன் ஆய்வு நிறுவனம் தைவான் படையெடுப்பைப் போர் ஒத்திகை விளையாட்டாக 24 தடவை ஆடிப் பார்த்தது. பெரும்பாலான ஆட்டங்களில் படையெடுப்பு தோற்றது. ஆனால் அமெரிக்கா இழந்த விமானங்களில் மிகப் பெரும்பகுதி வானத்தில் விழவில்லை, தரையிலேயே எரிந்தன. அதே அறிக்கை, ஜப்பானியத் தளங்கள் இல்லாமல் இந்தப் போரை நடத்தவே முடியாது என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும், ஆளாளுக்குத் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஓடுபாதையில் விழுந்த குழியை அடைப்பது எப்படி என்று பாருங்கள், விஷயத்தின் அளவு புரியும். முதலில் வெடிக்காமல் கிடக்கும் சிறுகுண்டுகளைத் தேடி அகற்ற வேண்டும். பிறகு குழியைச் சுற்றி உடைந்து தூக்கிக்கொண்டிருக்கும் கான்கிரீட்டை ரம்பத்தால் சதுரமாக அறுத்து, தோண்டி எடுத்து, அடியில் நிரப்பி, மேலே சீக்கிரம் இறுகும் கான்கிரீட்டை ஊற்றி, அது இறுகும்வரை இரண்டு மணி நேரம்போல சும்மா நிற்க வேண்டும். ஒன்றிரண்டு குழி என்றால் சரி. ஐம்பது குழி, அதுவும் வேலை பாதியில் இருக்கும்போது அடுத்த ஏவுகணை வருகிறது என்றால், அந்த ரம்பத்தைப் பிடித்திருக்கும் பையன்தான் அன்றைக்கு வான்படையின் முக்கியமான ஆள்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. குண்டு தாங்கும் கான்கிரீட் கொட்டகை கட்டலாம். ஹட்சன் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் 2025 ஜனவரி அறிக்கைப்படி சீனா 2010களின் தொடக்கத்திலிருந்து இத்தகைய கொட்டகைகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கியிருக்கிறது. அதே காலத்தில் தைவான் நீரிணையைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் அமெரிக்கா கட்டியது இரண்டே இரண்டு. தாக்கப்போகிறவன் கூரை போட்டுக்கொள்கிறான், அடிவாங்கப்போகிறவன் வெட்டவெளியில் நிறுத்துகிறான். இந்த வேடிக்கைக்கு எனக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. கான்கிரீட்டுக்காக எந்த மாகாணத்து செனட்டரும் சண்டை போடுவதில்லை என்பதுதான் ஓரளவுக்குப் பொருந்துகிற விளக்கம்.

குவாமின் கதையும் ஏறக்குறைய இதேதான், கொஞ்சம் தள்ளி. அமெரிக்க மண் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், அது பெரிய லாபம். ஆனால் சீனாவின் டி.எஃப்-26 ஏவுகணை சுமார் 4,000 கி.மீ. போகும், அதற்குப் பட்டப்பெயரே குவாம் கொல்லி. 2024 டிசம்பரில்தான் குவாமிலிருந்து முதல்முறையாக ஒரு பாலிஸ்டிக் ஏவுகணையை இடைமறித்துக் காட்டினார்கள். தீவு முழுவதையும் காக்கும் ஏற்பாடு இன்னும் கட்டுமானத்தில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு 2023 மே மாதம் மாவார் புயல் வந்து தீவின் மின்சாரத்தையும் தண்ணீரையும் சேர்த்தே படுக்கவைத்துவிட்டுப் போனது.

மறைந்திருக்கும் செலவு ஒகினாவாவின் கோபம். ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதம்தான் ஒகினாவா. அமெரிக்கப் படைகள் மட்டுமே பயன்படுத்தும் நிலத்தில் சுமார் 70 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. 1995 இல் மூன்று அமெரிக்க வீரர்கள் 12 வயதுச் சிறுமியைக் கடத்தி வன்புணர்வு செய்தபோது வெடித்த கோபத்தைத் தணிக்க, ஊருக்கு நடுவே இருக்கும் ஃபுடென்மா விமானத்தளத்தை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் திருப்பித் தருவதாக 1996 இல் ஒப்புக்கொண்டார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் தளம் அங்கேயே இருக்கிறது. அதற்கு மாற்றாக ஒகினாவாவிலேயே ஹெனோகோவில் கடலைத் தூர்க்கும் இடத்தில் கடலடி மண் களிமண்ணாகக் குழைகிறது. 2019 வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 72 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2023 டிசம்பரில் ஆளுநர் டெனி டமாகியின் மறுப்பைத் தாண்டி மத்திய அரசே அனுமதி கொடுத்துக்கொண்டது. டோக்கியோவின் சம்மதம் இருக்கிறது, ஒகினாவாவின் தலைநகர் நஹாவின் சம்மதம் இல்லை. போர் வந்து தளத்தின் வாசலில் ஆயிரம் பேர் உட்கார்ந்தால் எந்தச் சம்மதம் செல்லும்?

கூடி நிற்பது எங்கே எடுபடும் என்றால், போர் இன்னும் வராத நிலையில். சீனக் கடலோரக் காவல் கப்பல்களின் உரசல், வட கொரியாவின் மிரட்டல், ஒரு வாரத்தில் முடியும் நெருக்கடி, நிலநடுக்க நிவாரணம், இதற்கெல்லாம் யோகோசுகாவில் நிரந்தரமாக நிற்கும் விமானந்தாங்கிக் கப்பலும் கடேனாவும்தான் கைகொடுக்கும்.

## சிதறி நிற்பது

யோசனை எளிமையானது. நூறு விமானத்தை ஒரே இடத்தில் நிறுத்தினால் எதிரிக்கு ஒரே வேலை. பத்துப் பத்தாக இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் எங்கே அடிப்பது என்று அவன் முழிக்க வேண்டும். விமானம் இறங்கும், இன்ஜினை நிறுத்தாமலேயே எரிபொருள் நிரப்பும், பறந்துவிடும். டயர் மாற்றுகிறவனே குண்டும் ஏற்றுவான், காவலும் நிற்பான். இதற்காக அமெரிக்காவுக்குச் சொந்தமான டினியன் தீவில் 1945 இல் அணுகுண்டு விமானங்கள் கிளம்பிய நார்த் ஃபீல்டை, காடு மண்டிக் கிடந்த நான்கு ஓடுபாதைகளை, மரம் வெட்டி மீட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மரைன்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2020 இல் தளபதி டேவிட் பெர்கர் டாங்குகளையே கைகழுவிவிட்டு, ஏவுகணையோடு தீவுகளில் ஒளிந்துநின்று கப்பல்களை அடிக்கும் சிறு படையணிகள் வேண்டும் என்றார். ஓய்வுபெற்ற ஜெனரல்கள் ஒரு கூட்டமாகவே எதிர்த்தார்கள். ஹவாயில் 2022 இல் ஒன்று, ஒகினாவாவில் 2023 இல் ஒன்று என்று அந்தப் படையணிகள் வந்துவிட்டன. அவற்றின் ஆயுதமான கப்பலெதிர்ப்பு ஏவுகணை 185 கி.மீ.க்கு மேல் போகும். ஓட்டுநர் இல்லாமலே ஓடும் வண்டியின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. 2025 கூட்டுப் பயிற்சியில் அதை பிலிப்பைன்ஸின் வடகோடி படானெஸ் தீவுகளுக்கே கொண்டுபோனார்கள். அங்கிருந்து தைவானின் தென்முனை 200 கி.மீ. அளவில்தான் இருக்கிறது, நடுவில் உள்ள பாஷி கால்வாய், சீனக் கடற்படை பசிபிக்குக்கு வெளியேறும் ஒரு முக்கிய வழி. வரைபடத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

வரைபடத்தை மடித்துவைத்துவிட்டு சரக்குக் கணக்குக்கு வந்தால் சுதி இறங்குகிறது. ஒரே ஒரு பேட்ரியட் வான்காப்புப் படைப்பிரிவை பசிபிக்கிலிருந்து மத்தியக் கிழக்குக்கு மாற்ற சி-17 சரக்கு விமானங்கள் 73 நடை அடிக்க வேண்டியிருந்தது என்று பசிபிக் தளபதி அட்மிரல் பப்பாரோ 2025 ஏப்ரலில் காங்கிரஸிடம் சொன்னார். இருபது தீவுகளில் சிதறி நிற்பவர்களுக்கு யார் வான்காப்புக் கொடுப்பது? கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜோர்டானின் டவர் 22 இருக்கிறது. 2024 ஜனவரி 28 அன்று அந்தச் சின்ன முகாமின்மேல் ஒரு டிரோன் விழுந்து மூன்று அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அடித்தது சீனாவின் ஏவுகணைப் படை இல்லை, ஈரான் ஆதரவு ஆயுதக் குழு. மரைன்கள் தீவுக்குத் தீவு போவதற்கு 35 இறங்குகப்பல் கேட்டார்கள். அந்தத் திட்டமும் வருடக்கணக்கில் இழுத்தடித்தது. கப்பல் இல்லாமல் தீவில் விட்ட படை, சிதறிய படை இல்லை, சிக்கிய படை.

சம்மதக் கணக்கு இன்னும் மோசம், இந்த வழியை ஆதரிப்பவர்கள் இதைத்தான் கைவீசிக் கடந்துவிடுகிறார்கள். 1991 செப்டம்பரில் மணிலா செனட் 12–11 என்ற ஓட்டில் தள ஒப்பந்தத்தை நிராகரித்தது. கிளார்க் தளம் அதற்குள் பினாட்டுபோ எரிமலைச் சாம்பலில் புதைந்திருந்தது. 1992 நவம்பரில் சூபிக் விரிகுடாவிலிருந்து கடைசி அமெரிக்கக் கப்பலும் கிளம்பியது. 1995 இல், பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் பவளத்திட்டில் சீனா கட்டடம் எழுப்பியிருப்பது தெரிய வந்தது. பிறகு 2014 இல் புது ஒப்பந்தம், ஐந்து இடங்கள். 2020 பிப்ரவரியில் அதிபர் டுடெர்டே, அமெரிக்கத் துருப்புகள் வந்துபோகும் ஒப்பந்தத்தையே ரத்து செய்வதாக நோட்டீஸ் கொடுத்தார், 2021 ஜூலையில் திரும்பப் பெற்றார். 2023 இல் அடுத்த அதிபர் மார்கோஸ் ஜூனியர் மேலும் நான்கு இடங்களைக் கொடுத்து ஒன்பதாக்கினார், கொடுத்த கையோடு இவை தாக்குதலுக்காக இல்லை என்றும் அறிவித்தார். ககயான் மாகாண ஆளுநரோ தன் மாகாணத்தில் வேண்டவே வேண்டாம் என்று நின்றார். இது வாடகை வீடு. அதுவும் ஆறு வருடத்துக்கு ஒரு தடவை வீட்டுக்காரர் மாறும் வாடகை வீடு.

பலாவு, மார்ஷல் தீவுகள், மைக்ரோனீசியா மூன்றின் நிலைமை வேறு. அவற்றின் பாதுகாப்புப் பொறுப்பே அமெரிக்காவிடம்தான் இருக்கிறது. 2024 மார்ச்சில் 20 ஆண்டுகளுக்கு 710 கோடி டாலர் என்று ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். ஒரு புது விமானந்தாங்கிக் கப்பலின் விலையைவிட இது குறைவு, கிடைப்பதோ கண்டம் அளவுக்குக் கடற்பரப்பு. இதைக்கூட நிறைவேற்றாமல் காங்கிரஸ் மாதக்கணக்கில் கிடப்பில் போட்டிருந்தது.

போர் நிச்சயம் என்ற நிலை வந்து, முன்னறிவிப்பாக இரண்டு வாரம் கிடைத்து, வீட்டுக்காரரும் சரி என்று சொல்லிவிட்டால் சிதறுவதுதான் சிறந்தது. மூன்றும் சேர்ந்து அமைய வேண்டும், அதுதான் சிக்கல்.

## தள்ளி நின்று அடிப்பது

இது கவர்ச்சியான வழி. யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம், ஒகினாவாவில் போராட்டம் கிடையாது, மணிலாவில் தேர்தல் பயம் கிடையாது. 2023 நவம்பரில் முதல்முறை பறந்த பி-21 விமானத்தில் குறைந்தது 100 வாங்கத் திட்டம். கடலுக்கடியில் சுமார் 50 தாக்குதல் நீர்மூழ்கிகள், அதில் அமெரிக்காவின் மேலாதிக்கத்தை சீனாவே ஒப்புக்கொள்ளும். தைவான் நீரிணையில் படையேற்றி வரும் கப்பல்களுக்கு நீர்மூழ்கியைப் போல எமன் வேறில்லை.

எண்ணிக்கைதான் இடிக்கிறது. இப்போது பறக்கும் பி-2 மொத்தமே 19. ஈரானுக்குப் போனவை ஏழு, ஒரே இரவு, அதற்கே உலகம் வாய்பிளந்தது. தைவானுக்காக வாரக்கணக்கில் தினமும் நூற்றுக்கணக்கான இலக்குகளை அடிக்க வேண்டியிருக்கும். நீர்மூழ்கிகளைப் பொறுத்தவரை, வருடத்துக்கு இரண்டு கட்ட வேண்டிய இடத்தில் 1.2 என்ற கணக்கில்தான் கட்ட முடிகிறது. ஆஸ்திரேலியா, பிரிட்டனோடு செய்த ஆக்கஸ் ஒப்பந்தப்படி 2030களின் தொடக்கத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வேறு குறைந்தது மூன்று கொடுக்க வேண்டும். இருப்பவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு பட்டறையில் அல்லது பட்டறை வாசலில். யு.எஸ்.எஸ். பாய்ஸி என்ற நீர்மூழ்கி 2015 இல் கடைசியாகப் பணி முடித்துத் திரும்பியது. பட்டறையில் இடம் கிடைக்காமல் 2017 இல் முங்குவதற்கான தகுதிச் சான்றையே இழந்தது. பழுதுபார்க்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 பிப்ரவரியில், 120 கோடி டாலருக்கு. இத்தனை வருடமும் ஊழியர்களுக்குச் சம்பளம் போய்க்கொண்டுதான் இருந்தது.

தூரத்திலிருந்து அடிக்க நீண்டதூர ஏவுகணை வேண்டும், அதுவும் ஏராளமாக. கப்பலை அடிக்கும் நல்ல ஏவுகணை ஒன்று 30 லட்சம் டாலரைத் தாண்டும். சி.எஸ்.ஐ.எஸ். ஆட்டங்களில் அந்தக் கையிருப்பு முதல் வாரத்திலேயே காலியானது. சுட்டுத் தீர்த்த போர்க்கப்பல் மறுபடி நிரப்பத் துறைமுகத்துக்கு ஓட வேண்டும். நடுக்கடலில் நிரப்பலாம் என்று 2024 அக்டோபரில்தான் ஒரு கப்பலில் செய்து பார்த்தார்கள்.

தூரம் என்றால் பத்திரம் என்ற நினைப்பும் 2025 ஜூன் 1 அன்று காலாவதியானது. லாரிகளில் ஒளித்துக் கொண்டுபோன மலிவு டிரோன்களால் போர்முனையிலிருந்து ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி, சைபீரியாவில் நின்ற ரஷ்யக் குண்டுவீச்சு விமானங்களை உக்ரைன் எரித்தது. மிசௌரியிலும் விமானம் நிற்பது தரையில்தான்.

யாரிடமும் அனுமதி வேண்டாம் என்பதும் முழு உண்மை இல்லை. பி-2 விமானங்கள் 2025 வசந்தகாலத்தில் வந்து இறங்கிய டியேகோ கார்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள், நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. தளத்துக்காக 1968 முதல் 1973 வரை அங்கே வாழ்ந்த சாகோஸ் தீவு மக்களை மொத்தமாக வெளியேற்றினார்கள். அந்தக் கணக்கு அரை நூற்றாண்டாகத் தீராமல், 2025 மே மாதம் பிரிட்டன் தீவுகளின் இறையாண்மையை மொரிஷியஸுக்குக் கொடுத்து, தளத்தை 99 ஆண்டு குத்தகைக்கு எடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2021 அக்டோபரில் படகு பழுதாகி அங்கே கரைசேர்ந்த இலங்கைத் தமிழர்களை மூன்று ஆண்டுகள் கூடாரங்களில் அடைத்துவைத்ததும் இதே தீவில்தான், அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. ஆளில்லாத தளம் என்று எதுவும் இல்லை, ஆட்களை அகற்றிய தளம்தான் உண்டு.

ஆனால் இந்த வழியின் பெரிய மறைமுகச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. 1971 இல் நிக்சன் தென் கொரியாவிலிருந்து ஒரு முழு டிவிஷனை, 20,000 பேரை, திரும்ப அழைத்துக்கொண்டார். தென் கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீ செய்த முதல் காரியங்களில் ஒன்று ரகசிய அணு ஆயுதத் திட்டம் தொடங்கியது. அதை நிறுத்த வாஷிங்டன் பின்னால் படாத பாடு பட்டது. இன்றைக்கும் தென் கொரியத் தலைநகர் சோலில் கருத்துக்கணிப்பு எடுத்தால் பெரும்பான்மை சொந்த அணுகுண்டு வேண்டும் என்கிறது. பசிபிக்கிலிருந்து பின்வாங்குவது பட்ஜெட்டில் சேமிப்பாகத் தெரியும். பத்து வருடம் கழித்து சோலும் டோக்கியோவும் அணுகுண்டு செய்தால் அந்த பில்லை யார் கட்டுவது?

நீண்டுபோகும் போரிலும், முன்வரிசைத் தளங்கள் அடிபட்டுவிட்ட பிறகும், வீட்டுக்காரர்கள் எல்லாரும் கதவைச் சாத்திவிட்ட நிலையிலும் இதுதான் கடைசிக் கையிருப்பு. போர் வராமல் தடுக்க இதை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் மிசௌரியில் நிற்கும் விமானத்தைக் கிளப்பாமலே இருந்துவிடலாம் என்பது பெய்ஜிங்குக்கும் தெரியும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | கூடி | சிதறி | தள்ளி |
|---|---|---|---|
| முதல் அடி | கூரை இல்லாதவரை படுமோசம் | நகர்ந்துகொண்டே இருந்தால் நல்லது, வான்காப்பு இல்லை | நல்லது, டிரோன் பயம் தனி |
| சம்மதம் | டோக்கியோ சரி, ஒகினாவா இல்லை. குவாமில் கேட்கவே வேண்டாம் | பிலிப்பைன்ஸில் ஆட்டம். டினியன், பலாவு உறுதி | பெரும்பாலும் வேண்டாம் |
| சரக்கு | எல்லாம் கையருகே, எல்லாம் ஒரே இலக்கு | மிகப் பலவீனம் | ஏவுகணை சீக்கிரம் தீரும் |
| வேகம் | ஒரு நாளில் பல தடவை | நடுத்தரம் | ஒரு தடவைக்கே ஒன்றரை நாள். நீர்மூழ்கி விதிவிலக்கு |
| சேதி | உரக்க | அரைகுறை | மெல்ல |
| மறைமுகச் செலவு | உள்ளூர்க் கோபம், முதல் நாள் இழப்பு | கப்பல், சரக்கு விமானம், தேர்தல் | நட்பு நாடுகளின் அணுகுண்டு |

## அடுத்த டாலர் எனக்குக் கொடுத்தால்

சிதறுவதுதான் நாகரிகம், இன்றைய மோஸ்தர், அதனால் அதற்குத்தான் ஓட்டு என்று நினைத்திருந்தால் மன்னிக்கவும். கடேனாவிலும் குவாமிலும் கான்கிரீட் கொட்டகைக்கும், சீக்கிரம் இறுகும் சிமெண்டுக்கும், ரம்பம் பிடிக்கிற ஆட்களுக்கும்தான் என் முதல் டாலர் போகும். கொட்டகையை ஏவுகணை துளைக்காதா என்று கேட்பீர்கள். துல்லியமானது துளைக்கும். ஆனால் வெட்டவெளியில் நிற்கும் இருபது விமானங்களைச் சிறுகுண்டு தூவும் ஒரே ஏவுகணை அழித்துவிடும். கொட்டகைக்குள் போனால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டும், அதிலும் எந்தக் கொட்டகையில் விமானம் இருக்கிறது, எது காலி என்று தெரியாது. எரிபொருள் விமானமும் குண்டுவீச்சு விமானமும் இதற்குள் நுழையாது என்பது உண்மை. அவற்றைத்தான் தள்ளி நிறுத்த வேண்டும்.

இரண்டாவது டாலர் ஏவுகணைக் கையிருப்புக்கு. எந்த வழியைத் தேர்ந்தாலும் இது இல்லாமல் எட்டாவது நாள் கிடையாது. மூன்றாவதாகத்தான் சிதறல், அதுவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத டினியனிலும், நீண்ட ஒப்பந்தம் இருக்கும் பலாவுவிலும் முதலில். பிலிப்பைன்ஸ் கிடைத்தால் பெரிய லாபம், அதை நம்பி மொத்தத் திட்டத்தையும் போட மாட்டேன்.

நீங்கள் டோக்கியோவில் உட்கார்ந்து யோசிப்பவரானால் கூடி நிற்பதைத்தான் கேட்பீர்கள், அமெரிக்க ரத்தம் பக்கத்தில் இருந்தால்தான் நம்பிக்கை. தைபேயிலிருந்து பார்த்தால் படானெஸில் நிற்கும் அந்த வண்டிகள்தான் முக்கியம். நெப்ராஸ்காவில் வரி கட்டுகிறவருக்கு மூன்றாவது வழியே போதும். 2025 டிசம்பரில் வந்த தேசியப் பாதுகாப்பு உத்தி இந்த மூன்று பேரையுமே திருப்திப்படுத்தப் பார்த்தது: மேற்கு அரைக்கோளத்துக்கு முன்னுரிமை என்றது, ஜப்பானிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை நீளும் முதல் தீவுச் சங்கிலியில் எங்கும் ஆக்கிரமிப்பைத் தடுக்கும் படை வேண்டும் என்றும் அதே மூச்சில் சொன்னது.

எனவே ஆவணத்தைவிட பட்ஜெட்டைப் பாருங்கள். பசிபிக் தளங்களில் கொட்டகைக்கு எவ்வளவு, இறங்குகப்பல் எத்தனை, நீர்மூழ்கிப் பட்டறைக்கு எவ்வளவு என்ற மூன்று வரி போதும். மேலே உள்ள அட்டவணையில் பிலிப்பைன்ஸின் சம்மதம் என்ற கட்டத்தை மட்டும் 2028 மே மாதம் அங்கே அதிபர் தேர்தல் முடிந்ததும் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.